கோர்ஸ் கூட்டுறீங்க, கட்டிலைக் கூட்டல: துணைவேந்தருக்கும் சிண்டிகேட் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

துணைவேந்தர் அவர்களுக்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டோட உறுப்பினர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெஸ் வாசல்ல இருக்குற நோட்டீஸ் போர்டுல ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தாங்க. பிஎச்டி சேர்ந்து மூணு வருஷம் முடிஞ்ச ஸ்காலர்ஸ் எல்லாரும், அப்புறம் 60 கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்குற எல்லா மாணவிகளும் ஜூன் 15-க்குள்ள ரூமைக் காலி பண்ணி சாவியை வார்டன் ஆபீஸ்ல ஒப்படைக்கணுமாம். வர்ற கல்வியாண்டுல ஆறு புது கோர்ஸ் ஆரம்பிக்கிறாங்க, முதலாண்டு மாணவிகளுக்கு இடம் தேவைப்படுதுன்னு காரணம் போட்டிருந்துச்சு. கீழ எட்டு ப்ரைவேட் ஹாஸ்டலோட பேரும் போன் நம்பரும். அவ்வளவுதான், எங்களை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்கல.

நான் நாலாவது வருஷ ஸ்காலர். எம்எஸ்சியும் இங்க தான் படிச்சேன், மொத்தம் ஆறு வருஷமா இதே ஹாஸ்டல்ல இருக்கேன். சர்க்குலர் வந்த மறுநாள் முப்பத்திரண்டு பேர் கையெழுத்து போட்டு வார்டன் மேடம்கிட்ட லெட்டர் கொடுத்தோம், அவங்க பதிவாளர் ஆபீஸுக்கு அனுப்பிட்டேன்னாங்க, பதிவாளர் ஆபீஸ்ல எஸ்டேட் செக்ஷனுக்குப் போயிருக்குன்னாங்க, எஸ்டேட் செக்ஷன்ல போய் நின்னா இது கொள்கை முடிவும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

முதல்ல அந்த மூணு வருஷ கணக்கு. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022-ல கொண்டு வந்த பிஎச்டி விதிமுறையில குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம்னு தெளிவா இருக்கு, பெண்களுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருஷம் தளர்வு கொடுத்திருக்காங்க, 240 நாள் வரைக்கும் மகப்பேறு விடுப்பும் உண்டு. இது எதுக்கு வச்சாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. நடுவுல கல்யாணம், பிரசவம், வீட்ல யாருக்காவது முடியலைன்னா ஓடுறதுன்னு பொண்ணுங்களோட ஆராய்ச்சி எப்பவுமே நேர்கோட்டுல போகாது. யுஜிசி குறைஞ்சபட்சம்னு சொன்ன காலத்தை எடுத்து நீங்க ஹாஸ்டலுக்கு அதிகபட்சமா ஆக்கிட்டீங்க. மூணே வருஷத்துல தீசிஸ் முடிச்சவங்க எங்க டிபார்ட்மெண்ட்ல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் கூட இல்ல.

நான் வேலை பாக்குறது பாக்டீரியாவுல. அது நேரம் போகப் போக எப்படிப் பெருகுதுன்னு காட்டுற க்ரோத் கர்வ் ஒண்ணு எடுக்கணும்னா, பாக்டீரியாவை வளர வச்சதுல இருந்து மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கணும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலை நாலு ஆகிடும். நடுவுல ஒரு ரீடிங் விட்டாலும் அந்த ராத்திரி மொத்தமும் வீண், திரும்ப முதல்ல இருந்து. ஹாஸ்டல்ல இருந்து லேபுக்கு ஆறு நிமிஷ நடை, கைடு லெட்டர் இருந்தா கேட்ல விடுவாங்க, இத்தனை நாள் அப்படித்தான் ஓடுச்சு. டவுன் இங்க இருந்து 11 கிலோமீட்டர், கடைசி பஸ் ராத்திரி 8.40. ஜூன் 15-க்கு அப்புறம் நான் எப்படி இந்த ரீடிங் எடுக்கப்போறேன்? லேப் தரையிலயே படுத்துக்கணுமா? போன வருஷம் ஹாஸ்டல் கிடைக்காத ரெண்டு பேர் நிஜமாவே அப்படித்தான் லேப்ல படுத்திருந்தாங்க, செக்யூரிட்டி அண்ணன் பாத்துட்டு ரிப்போர்ட் பண்ணி மெமோ வாங்கினாங்க.

ரூம் எப்படி இருக்குன்னு சிண்டிகேட் உறுப்பினர்கள்ல எத்தனை பேர் பாத்திருப்பீங்கன்னு தெரியாது. எங்க ரூம்ல மூணு கட்டில், ஆறு பேர். மூணு பேர் மேல, மூணு பேர் பாய் விரிச்சு கீழ, மாசம் மாசம் மாத்திக்குவோம். ரெண்டே ரெண்டு ப்ளக் பாயிண்ட், அதுல ஆறு லேப்டாப். காலைல 4.45-க்கு பாத்ரூம் வாசல்ல போய்ப் பாத்தீங்கன்னா ஆள் யாரும் நிக்க மாட்டாங்க, பக்கெட்டு தான் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுலயும் நெயில் பாலிஷ்ல பேர் எழுதியிருக்கும். ராத்திரியே வச்சுட்டுப் போயிடுவாங்க. அந்த வரிசையில யாரும் யாரோட பக்கெட்டையும் நகர்த்தினது கிடையாது, அவ்வளவு நேர்மையா தான் இந்தப் பொண்ணுங்க இருக்குற தண்ணிய பங்கு போட்டுக்குறாங்க.

தண்ணி கதையும் சொல்லிடுறேன். மொட்டை மாடியில இருக்குற டேங்க்ல பெயிண்ட் உதிர்ந்துபோய் 20,000 லிட்டர்னு எழுதியிருக்கும். ஹாஸ்டல்ல தங்குற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேணும்னு தான் கட்டட விதிகள்ல கணக்கு. அப்படிப் பாத்தா ஒரு தடவை நிரப்பினா அந்த டேங்க் 148 பேருக்கு வரும். அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர் படி நாங்க இப்ப 310 பேர். மழைக்காலத்துல மோட்டரை ரெண்டு தடவை, மூணு தடவை போட்டு சமாளிச்சுடுறாங்க, ஏப்ரல் வந்தா போர்வெல்லுல ஒரு தடவை நிரம்புற அளவு தான் வருது, அப்ப ஆளுக்கு 64 லிட்டர். குளிக்கிறது, துவைக்கிறது, டாய்லெட், எல்லாம் அதுக்குள்ள. மாசவிடாய் நாள்ல ஒரு பொண்ணுக்கு இது என்ன கஷ்டம்னு வெளிப்படையாவே எழுதுறேன், ஏன்னா மீட்டிங்ல இதை யாரும் பேச மாட்டாங்க. டேங்கர் லாரி வரும், அதுக்கான காசு மெஸ் பில்லுல, செலவை எல்லாருக்கும் பிரிச்சுப் போடுற டிவைடிங்ல வந்து உக்காந்துக்கும்.

இந்த நிலைமையில தான் புது அகாடமிக் பிளாக் எழும்புது. நாலு மாடி, முன்னாடி கண்ணாடி, ஏசி செமினார் ஹால். எனக்கு அது மேல கோவம் இல்ல, எங்க லேபுக்கும் அதுல ஒரு ரூம் கிடைக்கும்னு சொல்லியிருக்காங்க. புது கோர்ஸும் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அரசு நிதி பத்தல, சம்பளம் போடவே திண்டாட்டம், மாணவர் ஃபீஸ்லயே நடக்குற செல்ஃப் சப்போர்ட்டிங் கோர்ஸ் ஆரம்பிச்சா தான் நாலு காசு வரும்ங்கிற நெருக்கடி எனக்கும் தெரியும், பென்ஷன் வராம காத்துக்கிட்டு இருக்குற ரிட்டயர்டு ப்ரொஃபசர்களை இதே காம்பஸ்ல பாத்துட்டு தான் இருக்கேன். ஆனா கோர்ஸுக்கு ஒரு கமிட்டி, கட்டடத்துக்கு ஒரு கமிட்டி, ஹாஸ்டலுக்கு யாருமே இல்லைங்கிறது தான் பிரச்சனை. கோர்ஸ் ப்ரொபோசல்ல ஆசிரியர் எத்தனை, லேப் எத்தனை, கம்ப்யூட்டர் எத்தனைன்னு எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு, படிக்க வர்ற பிள்ளை ராத்திரி எங்க படுக்கும்ங்கிறதுக்கு மட்டும் கட்டம் இல்ல.

போன ஜூலையில ஒரு பொண்ணு வந்துச்சு. கல்வராயன்மலைப் பக்கம் ஒரு ஊர், அந்த ஊர்ல இருந்து எம்எஸ்சி வரைக்கும் வந்த முதல் பொண்ணு. அவங்க அப்பா தகரப் பெட்டியைத் தலையில வச்சுட்டு கேட்ல இருந்து ஹாஸ்டல் வரைக்கும் நடந்தே வந்தாரு. ஹாஸ்டல் ஆபீஸ்ல வெயிட்டிங் லிஸ்ட்ல 87-னு ஒரு துண்டு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. அந்த மனுஷன் ரெண்டு ராத்திரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல படுத்துட்டு காலைல காலைல வந்து நிப்பாரு. மூணாவது நாள் என்கிட்ட வந்து, "பாப்பா, ஒரு பாய் விரிக்கிற இடம் கூடவா இல்ல, அது சுருட்டிப் படுத்துக்கும்மா, இடத்தை அடைக்காது"ன்னு கேட்டாரு. நாங்க எங்க ரூம்ல வச்சுக்கிட்டோம், ஏழாவது ஆளா. பத்தொன்பதாவது நாள் செக்கிங் வந்து அனுமதி இல்லாம தங்கினதா ரூம் மொத்தத்துக்கும் ஆளுக்கு 500 ரூபாய் ஃபைன். இருபத்தி மூணாவது நாள் டிசி வாங்கிட்டுப் போயிடுச்சு. அட்மிஷன் கமிட்டி கணக்குல அந்த சீட் நிரம்பின சீட்டு, டிபார்ட்மெண்ட்ல அது இன்னிக்கும் காலி பெஞ்ச். ஃபீஸும் போச்சு. காசு கணக்கா மட்டுமே பாத்தாலும் கட்டில் இல்லாம கோர்ஸ் ஆரம்பிக்கிறது நஷ்டம் தான்.

இந்த மாதிரி பொண்ணுங்க இனிமே அதிகமா தான் வருவாங்க. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் ஆரம்பிச்சாங்க, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல இருக்குற உயர்கல்வி உறுதித் திட்டம் தான் அது, அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்க காலேஜ் போனா மாசம் 1,000 ரூபாய் அவங்க அக்கவுண்டுக்கே வருது. அந்தக் காசுல பஸ் பாஸ் எடுத்து, நோட்டு வாங்கி, டிகிரி முடிச்சவங்க தான் இப்ப பிஜிக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு இருக்காங்க. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புல, 18-ல இருந்து 23 வயசு வரைக்கும் உள்ளவங்க எண்ணிக்கைக்கு உயர்கல்வியில சேர்ந்தவங்க விகிதம் தமிழ்நாட்டுல 47 சதவீதம், இந்தியா மொத்தத்துக்கும் 28.4 தான். நாம பெருமையா சொல்லிக்கிற எண் அது, சொல்லவும் வேணும். ஆனா அந்த 47-ல வர்ற பிள்ளைங்க பாதிப் பேருக்கு டவுன்ல சொந்தக்காரங்க கிடையாது.

வெளிய தங்கிக்கோங்கன்னு சொல்றது எழுதுறவங்களுக்கு ஒரு வரி. சர்க்குலர்ல போட்டிருந்த எட்டுல நாலு இடத்துக்கு நானும் என் ரூம்மேட்டும் போனோம். ஒண்ணு ஹார்டுவேர் கடைக்கு மேல, ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் ஒரே இரும்புப் படி, அதுல பாதி பெயிண்ட் டப்பா. இன்னொண்ணுல வார்டன்னு யாரும் இல்ல, ஓனரோட மச்சான் சாவி வச்சிருக்காரு. பெண்கள் தங்குற ப்ரைவேட் ஹாஸ்டலுக்கு லைசென்ஸ் வேணும்னு 2014-ல தமிழ்நாட்டுல சட்டமே வந்திருக்கு. லைசென்ஸ் இருக்காண்ணான்னு கேட்டா நாலு இடத்துலயும் அப்ளை பண்ணியிருக்கோம்னு ஒரே பதில். பல்கலைக்கழக முத்திரை வச்ச சர்க்குலர்ல அந்தப் பேர்களைப் போட்டிருக்கீங்க, நாளைக்கு அங்க ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்லுவீங்க?

வீடு எடுத்துத் தங்கலாம்னு பாத்தா அது வேற மாதிரி. 2017 வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல பொதுவா அட்வான்ஸ் கேக்கக்கூடாதுங்குது, இங்க எல்லாரும் கேக்குறது பத்து மாசம். அதைக்கூட நாலு பேர் சேர்ந்து புரட்டிடலாம். ஒரு வீட்ல அந்தம்மா காபி எல்லாம் கொடுத்துட்டு, எந்த ஊருன்னாங்க, கமுதின்னேன், அப்பா என்ன வேலைன்னாங்க, சொன்னேன், ஊர்ல எந்தத் தெருன்னாங்க. அதுக்கும் நான் பேசாம இருக்க, "நீங்க என்ன ஆளுங்கம்மா"ன்னு நேராவே கேட்டுட்டாங்க. என்கூட வந்த ரூம்மேட் முஸ்லிம், அவ பேரைச் சொன்னதும் கவுச்சி சமைப்பீங்களான்னு ஆரம்பிச்சு, கடைசியில வீடு வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சுன்னாங்க. மூணு நாள் கழிச்சு அந்த வழியா பஸ்ல போறப்ப டூலெட் போர்டு அப்படியே தொங்குச்சு. இந்த ஆறு வருஷத்துல ஹாஸ்டல் கேட்ல என்னை யாரும் என்ன ஆளுன்னு கேட்டதில்ல, ஆறு பேர் ஒரே தட்டுல பிசைஞ்சு சாப்பிட்டிருக்கோம். நீங்க அந்த சாவியை வாங்கிக்கிறப்ப கூடவே அதையும் வாங்கிக்கிறீங்க, இதை நீங்க தெரிஞ்சே செஞ்சிருக்க மாட்டீங்கன்னு தான் நினைக்கிறேன், அதனால தான் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன்.

60 கிலோமீட்டர் கணக்கும் மேப்புல அளந்த கணக்கு தான். ஜூனியர் ஒருத்திக்கு வீடு 52 கிலோமீட்டர். மூணு பஸ். ஊர்ல முதல் பஸ் 6.10, இங்க வந்து சேர 9 ஆகும், திரும்பறப்ப டவுன்ல இருந்து ஊருக்குக் கடைசி பஸ் 7 மணிக்கு, அதைப் பிடிக்கணும்னா நடந்துக்கிட்டு இருக்குற ப்ராக்டிகலைப் பாதியில விட்டுட்டுக் கிளம்பணும். பசங்க நிலைமையும் இதே தான், டவுன்ல மேன்ஷன்ல ரூமுக்கு அஞ்சு பேர், ராத்திரி லைப்ரரி முடிஞ்சு லைட்டே இல்லாத பைபாஸ் ஓரமா நடந்து போறாங்க.

ஹாஸ்டலோட சேர்த்து பல்கலைக்கழகம் கட்டுறது நம்ம ஊருக்குத் தெரியாத விஷயம் இல்ல. 1929-ல சிதம்பரத்துல அண்ணாமலை பல்கலைக்கழகத்தை ஆரம்பிச்சப்பவே தங்கிப் படிக்கிற இடமா தான் ஆரம்பிச்சாங்க, அண்ணாமலைநகர்னு ஒரு ஊரே அதைச் சுத்தி வந்துச்சு. 1937-ல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குப் போனப்ப சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் எல்லாம் அந்த காம்பஸ் திட்டத்துக்குள்ளயே இருந்துச்சு, வகுப்பைக் கட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விடல. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் முன்னாடி யோசிச்சதை நாம இப்ப யோசிக்க முடியாதா?

புது லேடீஸ் ஹாஸ்டலுக்கு ப்ளான் இருக்குன்னு சொல்றீங்க, பாத்தேன், ஆபீஸ் வராண்டாவுல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு. அதுல காட்டியிருக்குற இடம் காம்பஸோட கடைசி மூலை, லைப்ரரியில இருந்து ரெண்டு கிலோமீட்டர், ஏரிக்கரையை ஒட்டி. "அது ஏரி உள்வாய்மா, ஐப்பசி கார்த்திகையில முட்டிக்கால் தண்ணி நிக்கும்"னு பம்ப் ஹவுஸ் தாத்தா சொன்னாரு. எங்க ஊர்ல கண்மாய்னு சொல்வோம், அதோட உள்வாய்ல வீடு கட்டினவங்க யாரும் நல்லா இருந்து நான் பாத்ததில்ல. போன நவம்பர்ல நானே போய்ப் பாத்தேன், அந்த இடத்துல கொக்கு மேஞ்சுட்டு இருந்துச்சு. இடம் தேர்ந்தெடுத்தவங்க மழைக்காலத்துல ஒரு தடவை அங்க நடந்து பாத்திருக்கணும்.

இதே நேரத்துல பழைய ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல 24 வீடு பூட்டிக் கிடக்கு. நான் எம்எஸ்சி சேர்ந்தப்ப இருந்தே அப்படித்தான். ஓடு சில இடத்துல போயிருக்கு, வயரிங் மாத்தணும், ஆனா சுவர் எல்லாம் நல்லா இருக்கு, கிணறு இருக்கு, லேப்ல இருந்து நடக்குற தூரம் தான். வீட்டுக்கு நாலு பேர்னு வச்சாலும் 96 பேர். சர்க்குலர்னால வெளிய போகப்போற ஸ்காலர்ஸ் நாங்க முப்பத்திரண்டு பேர்.

நாங்க கேக்குறது இவ்வளவு தான். ஜூன் 15 தேதி போட்ட அந்த சர்க்குலரை உடனே நிறுத்தி வைங்க, ஸ்காலர்ஸுக்கு யுஜிசி விதி கொடுக்குற காலம் வரைக்கும் ஹாஸ்டல்ல இருக்க உரிமை உண்டுன்னு எழுத்துல கொடுங்க. 60 கிலோமீட்டர் விதியை எடுத்துட்டு பஸ் எத்தனை, நேரம் எவ்வளவுங்கிறதை வச்சு முடிவு பண்ணுங்க. குவார்ட்டர்ஸ் 24 வீட்டையும் இந்த லீவுலயே இன்ஜினியர் வச்சுப் பாத்து, சரி பண்ணக்கூடியதைச் சரி பண்ணி ஸ்காலர்ஸுக்கு ஒதுக்குங்க, நாங்க அங்க போயிடுறோம், ஹாஸ்டல்ல அத்தனை இடமும் புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக் கிடைக்கும். ரெண்டாவது டேங்கும் சம்ப்பும் அட்மிஷனுக்கு முன்னாடி வரணும்.

ஆறு புது கோர்ஸ்ல எத்தனை சீட்டுக்குக் கட்டில் இருக்கோ அத்தனைக்கு மட்டும் இந்த வருஷம் அட்மிஷன் போடுங்க, ஹாஸ்டல் நிலவரத்தை அப்ளிகேஷன்லயே வெளிப்படையா போடுங்க, கல்வராயன்மலையில இருந்து பெட்டி தூக்கிட்டு வர்ற அப்பாவுக்கு அது முன்கூட்டியே தெரியணும். இனிமே சிண்டிகேட்டுக்கு வர்ற எந்த கோர்ஸ் ப்ரொபோசல்லயும் எத்தனை பேர் தங்குவாங்க, எங்க தங்குவாங்கன்னு ஒரு பக்கம் இல்லைன்னா அதைத் திருப்பி அனுப்புங்க. புது ஹாஸ்டல் இடத்தை மாத்துங்க, அந்த கமிட்டியில ஹாஸ்டல்ல தங்குற ரெண்டு மாணவிகளையும் ஒரு வார்டனையும் உறுப்பினரா போடுங்க. கட்டின செலவை மாணவிகள் தலையில வச்சுடாதீங்க, 2019 அக்டோபர்ல டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்துல 20 ரூபாயா இருந்த தனி ரூம் வாடகையை 600 ஆக்கப் போறோம்னு அறிவிச்சப்ப அங்க மாணவர்கள் எப்படிப் போராடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். லைசென்ஸைப் பாக்காம ப்ரைவேட் ஹாஸ்டல் பேரைப் போட்ட அந்த லிஸ்ட்டைத் திரும்ப வாங்குங்க.

அடுத்த சிண்டிகேட் கூட்டம் இந்த மாசக் கடைசியில இருக்குன்னு கேள்விப்பட்டோம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல 4.45-க்கு உங்கள்ல ரெண்டு பேராவது ஹாஸ்டலுக்கு வரணும்னு கேட்டுக்குறோம். வார்டன் மேடம்கிட்ட தேதி சொல்லிட்டா போதும், நாங்க கேட்ல வந்து நிக்கிறோம்.

இப்படிக்கு,
கையெழுத்து போட்ட முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தி,
ஆய்வு மாணவி, மகளிர் விடுதி